நீங்க கேட்ட ஒரு சுத்து

கிட்ட வந்து உட்காருங்க, அந்த மில்லுக்காரர் காதில் விழப்போகுது.

கோவைப் பக்கத்து ரேஸ் மைதானத்தில் அன்றைக்கு யார் வேண்டுமானாலும் கார் ஓட்டலாம். டாக்ஸிக்காரி பொற்கொடி தன் சின்னக் காரோடு வந்தாள். மில் முதலாளி சபாபதியின் வெளிநாட்டுக் கார் லாரியில் வந்து இறங்கியது.

"தக்காளி ஏத்துற வண்டிக்கு இங்கென்ன வேலை? ஒரே சுத்து, என்னை முந்து. தோத்தா இந்தப் பக்கமே வரக்கூடாது!"

"உங்க கௌரவத்துக்கு ஒரு சுத்து பத்தாதுங்க. இருபது வெச்சுக்கலாமுங்க."

மீசையை முறுக்கி ஒத்துக்கொண்டார். கனத்த காரை வளைவுக்கு வளைவு அழுத்தி நிறுத்தினால் பிரேக் வெந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும். பதினைந்தாம் சுற்றில் பிரேக் பிடிக்காமல் அவர் கார் வளைவைத் தாண்டி ஓரத்து மணலில் புதைந்தது. அவள் இருபதையும் முடித்துவிட்டு வந்தாள்.

"ஏம்மா, லாரி வரைக்கும் இழுத்து விடேன்."

கயிறு கட்டினாள். "நீங்க கேட்ட ஒரு சுத்தையும் முடிச்சிரலாமுங்க" என்று, ஊரே பார்க்க, அவரை மைதானம் முழுக்க ஒரு சுற்று இழுத்துப் போனாள்.