கௌதாரிகளின் பின்னல் கோலாட்டம்

கரட்டு மேட்டில் ஆறு கௌதாரிகள் இருந்தன. அறுப்பு முடிந்த கம்பங்கொல்லையில் சிந்தியதைத் தின்று தின்று அவற்றின் உடம்பு பெருத்துவிட்டது. பறக்க எழுந்தால் வேலியைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது.

ஒரு நாள் நரி ஒன்று வந்து எட்டவே நின்றது.

"ஆடினால் உடம்பு இளைக்கும்! மாசியில் காட்டில் ஆட்டப் போட்டி வேறு வருகிறது. மயில்கள் கும்மிக்குப் பேர் கொடுத்தாயிற்று. முயல்கள் ஒயிலாட்டம். நீங்கள்?"

"எங்களுக்கு எது வரும், வாத்தியாரே?" என்று கேட்டது மூத்த கௌதாரி வரிச்சி. அதற்குள் நரி வாத்தியாராகிவிட்டது.

"பின்னல் கோலாட்டம்!"

கிளையிலிருந்து ஆறு கொடிகள் தொங்க வேண்டும். ஆளுக்கொரு கொடி. அலகில் குச்சி. ஒருத்தி உள்ளே, அடுத்தவள் வெளியே என்று தட்டிக்கொண்டே மாறி மாறிச் சுற்றினால், மேலே கொடிகள் சடைபோலப் பின்னிக்கொள்ளும். இப்படி விளக்கிய நரி, முதலில் பல நாள் கொடியில்லாமல் அடவை மட்டும் பழக்கியது.

கடைக்குட்டி தவிட்டிக்கு ஒரு சந்தேகம். "பின்னிய பிறகு எப்படிப் பிரிப்பது?"

"போட்டிக்கு அது வேண்டாம். நடுவர் பின்னலைத்தான் பார்ப்பார்!"

"ஆரம்பித்துவிட்டாயா? முட்டைக்குள் இருக்கும்போதே கேள்வி கேட்டவளாயிற்றே நீ!" என்றது வரிச்சி. எல்லாம் சிரித்தன.

தவிட்டிக்கு மனம் ஆறவில்லை. மூன்று புற்களைப் பின்னிப் பார்த்தது. கண்டபடி இழுத்தால் இறுகியது. கடைசியாக மேலே வந்த புல்லை முதலில் எடுத்தால் தானாக விட்டுக்கொடுத்தது. அட, இவ்வளவுதானா!

ஒத்திகை நாளன்று உசிலை மரத்தில் கொடிகள் தொங்கின. அலகில் குச்சி இருக்க வேண்டுமே என்று, கௌதாரிகள் கொடி நுனியை ஒன்றின் முதுகில் இன்னொன்று சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டன. நரி பாறையில் தாளம் தட்டியது. பின்னல் வளர்ந்தது, கொடி குறைந்தது. ஆறும் கிளைக்கடியில் நெருங்கி, ஒட்டி, கடைசியில் நகர இடமில்லாமல் நின்றன. முடிச்சை அவிழ்க்க அலகைத் திருப்பக்கூட வழியில்லை.

"அபாரம்!" என்று எழுந்தது நரி. "அப்படியே நில்லுங்கள். விருந்துக்கு என் வீட்டுக்காரியையும் கூட்டி வந்துவிடுகிறேன்."

அது போனதும் ஆறும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. பின்னல் இறுகியது.

"இழுக்காதீர்கள்!" என்று கத்தியது தவிட்டி. "கடைசியாக வெளியே சுற்றியது யார்?"

"நான்தான்டி!" என்றது வரிச்சி.

"நீதான் முதலில், அக்கா. பின்னால் ஓர் அடி வை. அடுத்து யார்?"

தாளமில்லாமல், குச்சியில்லாமல், அதே ஆட்டத்தைப் பின்பக்கமாக ஆடின. ஒருத்தி காலை ஒருத்தி மிதித்தாள். பின்னல் ஒவ்வொரு சுற்றாக விட்டுக்கொடுத்தது. விலகி நிற்க இடம் கிடைத்ததும் ஒன்றின் முடிச்சை மற்றொன்று கொத்தி அவிழ்த்தது. சருகு மிதிபடும் ஓசை கேட்டபோது ஆறும் எழும்பின. வாத்தியார் சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை: உடம்பு இளைத்திருந்தது. வேலியைத் தாண்டியும் மூச்சு வாங்கவில்லை.

மரத்தடியில் பெண் நரி ஆடும் கொடிகளை மேலும் கீழும் பார்த்தது. "இந்தக் கொடியைக் காட்டவா, பிள்ளைகளைத் தனியே விட்டு என்னை இழுத்து வந்தீர்?"

உள்ளே போகும் வழியைச் சொல்லித் தருபவரிடம், வெளியே வரும் வழியையும் கேட்க வேண்டும். அவர் சொல்லாவிட்டால், காலை உள்ளே வைக்கும் முன் நாமே அதைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.