மிதந்து வராத இலைகள்

ஒரு காட்டில், எதைச் சொன்னாலும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்தே வாழ்ந்த ஆட்காட்டிப் பறவை ஒன்று இருந்தது, குழந்தைகளே. அதன் பெயர் சிவந்தி. ஆபத்தைக் கண்டால் கத்திச் சொல்வது ஆட்காட்டிகளின் வேலை. சிவந்திக்கோ எதைக் கண்டாலும் ஆபத்தாகத்தான் தெரியும்.

ஓணான் ஓடினால் கத்தும். மேகத்தின் நிழல் புல்மேல் நகர்ந்தால் கத்தும். கத்திய பிறகு, "ஐயோ, வீணாகக் கத்திவிட்டேனே" என்று நாள் முழுவதும் புலம்பும்.

அந்தக் காட்டின் நடுவே, பள்ளத்தில், ஒரு மடு இருந்தது. கோடையில் அந்த மடுவையும் அதில் வந்து விழும் சிற்றோடையையும் விட்டால் வேறு தண்ணீர் இல்லை. சிவந்தி கத்தும்போதெல்லாம் மான்கள் பாதித் தாகத்தோடு சிதறி ஓடும். அப்படி ஓடிய ஒருநாள், மையழகி என்ற பெண்மானின் குட்டி பாறையில் மோதி விழுந்தது. அன்றிலிருந்து அது ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தது.

மான் கூட்டத்தின் தலைவன் கொம்பன். எதிலும் ஒழுங்கு பார்ப்பவன். அவன் எல்லோரையும் கூட்டினான்.

"ஆளுக்கு ஆள் கத்துவதால்தான் இந்தக் கூத்து. இனி ஒரே காவல், ஒரே குரல். மேட்டு மருத மரத்தில் இருக்கும் மந்திக்குக் கண் கூர்மை. சிறுத்தை வரும் வழி முழுவதும் அங்கிருந்து தெரியும். மந்தி கத்தினால் ஓடுவோம். கத்தாவிட்டால் நிம்மதியாகக் குடிப்போம்."

எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. சிவந்தி மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"ஐயா, மந்தி அக்காவால் கத்த முடியாமல் போய்விட்டால்?"

"கத்தவில்லை என்றால் ஆபத்தில்லை. இதில் உனக்கு என்ன புரியவில்லை?"

"ஆபத்து இல்லாதபோதும் 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று அவர் குரல் கொடுத்துக்கொண்டிருந்தால்..."

எதிர்க்கரையில் இருந்த தோகையன் என்ற மயில் சிரித்தது. "ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல ஒரு கூச்சலா? அக்கா, உன் மூளையை ஓணான் கடித்துவிட்டதா?"

கொம்பன் சிரிக்கவில்லை. "சிவந்தி, மந்தி கத்தாமல் நீ இன்னொரு முறை கத்தினால், இந்தக் கரையை விட்டே போய்விட வேண்டும்" என்றான்.

சிவந்தி தன் கூட்டைத் திரும்பிப் பார்த்தது. கரையின் கூழாங்கற்களுக்கு நடுவே அது நான்கு முட்டைகள் இட்டிருந்தது. முட்டைகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

மனம் கேட்காமல் அது மருத மரத்துக்கே பறந்துபோய் மந்தியைக் கெஞ்சியது.

"எனக்கு இருப்பது ஒரு வாய்" என்றது மந்தி, கொழுந்தைக் கடித்தபடி. "அதால் தின்னட்டுமா, கத்தட்டுமா? போ தங்கச்சி, போய் முட்டையைப் பார்."

சொல்லிவிட்டுப் பாதி தின்ற கொழுந்தைக் கீழே எறிந்தது. அது மரத்தடியில் ஓடிய ஓடையில் விழுந்தது. சிவந்தி திரும்பி வந்து முட்டைகளின்மேல் அமர்ந்தபோது, அதே கடித்த கொழுந்து ஓடையோடு மிதந்து மடுவுக்கு வந்து சேர்ந்தது.

அதன் பிறகு சிவந்தி தினமும் ஓடையைப் பார்க்கத் தொடங்கியது. கடித்த இலை வரும். சற்று நேரத்தில் இன்னொன்று வரும். ஒவ்வொன்றும் வரும்போது, "அக்கா இருக்கிறார்" என்று மூச்சு விடும். இதை அது யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தோகையனுக்கு ஒரு மாதத்துக்குச் சிரிப்பு கிடைக்கும்.

ஒருநாள் மாலை, மான்கள் மடுவில் இறங்கியிருந்தன. மையழகியின் குட்டி முழங்கால் தண்ணீரில் நின்று குடித்தது. காடு அமைதியாக இருந்தது.

ஓடையில் இலை வரவில்லை.

சிவந்தி காத்திருந்தது. "தூங்குகிறாரோ? வயிறு நிறைந்துவிட்டதோ?" தண்ணீர் வெறுமையாக வந்துகொண்டே இருந்தது.

கத்தியது தப்பாகிவிட்டால், கரையை விட்டுப் போக வேண்டும், இந்த நான்கு முட்டைகளும் குளிர்ந்து போகும். வயிற்றுக்குக் கீழே முட்டைகளின் சூடு தெரிந்தது. கத்தாமல் இருந்து, அது தப்பாகிவிட்டால்? சிவந்தி குட்டியின் காலைப் பார்த்தது. ஓட வேண்டி வந்தால் அதுதான் கடைசியில் ஓடும். அந்தக் கால் நொண்டியானது யாரால்?

சிவந்தி எழுந்து பறந்தது. தொண்டை கிழியக் கத்தியது.

"யாரும் அசைய வேண்டாம்!" என்றான் கொம்பன். "மந்தி கத்தவில்லை!"

"எதைக் கண்டாய், சொல்!" என்று மையழகி கேட்டது.

"எதையும் காணவில்லை! அவருடைய இலை வரவில்லை! காலை இழுக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்காதே தாயே, போ!"

மையழகிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால், வீணாகக் கத்தும்போது இருக்கும் குரல் இது இல்லை என்று தாய்க்குத் தெரிந்தது. குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு கரையேறியது. மற்ற மான்களும் பின்னாலேயே ஓடின.

கொம்பன் மட்டும் ஓடவில்லை. "ஏற்பாட்டை மீறுகிறீர்களா? நில்லுங்கள்!" என்று கரையில் நின்று அதட்டினான். அவனுக்குப் பின்னால் நாணல் விலகியது. சிறுத்தை ஒரே பாய்ச்சலில் அவன் கழுத்தைக் கவ்வியது.

மறுநாள் மருத மரத்தடியில் மந்தி கிடந்தது. மடுவைக் காப்பது ஒரே குரல் என்று சிறுத்தையும் தெரிந்துகொண்டிருந்தது. மந்தி கண்ணயர்ந்த நேரத்தில் மரமேறி, அந்தக் குரலை முதலில் அடக்கிவிட்டுத்தான் அது மடுவுக்கு இறங்கியிருந்தது.

மான்கள் மந்தியைச் சுற்றிக் கூடின. பிறகு மையழகி, "சிவந்தி, இனி நீயே எங்களுக்குக் காவலாக இரு" என்றது.

"நானா?" என்றது சிவந்தி. "என் கழுத்தையும் ஒருநாள் அது கவ்வினால்?"

அன்று முழுவதும் அது யோசித்தது. மாலையில் எதிர்க்கரைக்குப் பறந்துபோய்த் தோகையன் முன்னால் நின்றது.

"தம்பி, ஆபத்து இல்லாதபோதும் நான் கத்திக்கொண்டே இருப்பேன். ஒவ்வொரு முறையும் நீ பதில் கொடு. என் குரல் நின்றால், ஏன் என்று கேட்காதே. எல்லோரையும் ஓடச் சொல். உன் பதில் நின்றால் நான் சொல்கிறேன்."

தோகையன் இம்முறை சிரிக்கவில்லை. "சரி அக்கா" என்றது.

சிவந்தி திரும்பி வந்து முட்டைகளின்மேல் அமர்ந்தது. ஒருமுறை கத்தியது. எதிர்க்கரையிலிருந்து பதில் வந்தது. அதன் பிறகுதான் மான்கள் தண்ணீரில் வாய் வைத்தன.

நீதி: காவலின் மௌனத்தை நலம் என்று நம்பாதே, நலத்தையும் குரல் கொடுத்துச் சொல்லச் செய், அந்தக் குரலுக்கும் ஒரு காவல் வை.