இறங்காத உளுந்தஞ்சோறு

பாளையங்கோட்டையில் பெரியாஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சின்ன மடம் இருந்தது. காலையில் வருகிறவர்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்றுவார்கள். அதோடு அடுப்பை அணைத்துவிடுவார்கள். மத்தியானமானால், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள் மடத்து வாசலில் வந்து நிற்பார்கள். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்.

"கொறஞ்ச வெலைக்கு நல்ல சாப்பாடு இங்க எங்க கெடைக்கும்?"

பதில் சொல்லும் வேலை குற்றாலிங்கத்துடையது.

குற்றாலிங்கம் அறுபதைத் தாண்டியவர். கல்யாண வீடுகளில் சமைத்துச் சமைத்தே காலத்தைக் கழித்தவர். அந்தப் பக்கத்தில் சமையல்காரரைத் தவசுப்பிள்ளை என்பார்கள். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மடத்தில் வந்து சேர்ந்தார். மடத்துக் குரு உலகம்மை அவரைவிட மிகவும் இளையவர். அவர் இவரை "அண்ணாச்சி" என்பார். இவர் அவரை "அம்மா" என்பார். இரண்டு பேருக்கும் அது இயல்பாகவே இருந்தது.

கரண்டியை வைத்துவிட்டாலும் நாக்கை வைத்துவிட முடியுமா? முழங்கால் வலியோடு சந்து சந்தாக நடந்து, அந்த வட்டாரத்துக் கடைகள் அத்தனையிலும் குற்றாலிங்கம் சாப்பிட்டுப் பார்த்திருந்தார். எந்தக் கடையில் ரசம் முதல் பந்திக்கு மட்டும் ரசமாக இருக்கும், எங்கே நேற்றைய அவியல் இன்றைக்குக் கூட்டாக மாறும், எங்கே தாளிக்க நல்லெண்ணெய், எங்கே வேறு ஏதோ எண்ணெய், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஒருநாள் அவர் உலகம்மையிடம் கேட்டார்.

"அம்மா, வர்றவங்களுக்கு நாலு கடை சொன்னா கொழம்பிப் போறாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லலாம்னு பாக்கேன். இருக்கிறதுலயே நல்ல கடை எதுன்னு எப்படி முடிவு பண்றது?"

உலகம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"நீங்க எதைச் சொல்லுவீங்க?"

"சபாபதி மெஸ். அங்க உளுந்தஞ்சோறு சாப்பிட்டுட்டா வேற கடை ஏறத் தோணாது."

"பின்ன என்கிட்ட ஏன் கேக்கீங்க?"

"நீங்க ஒரு தடவை ஆமான்னு சொல்லிட்டா நிம்மதியாப் போயிரும்."

உலகம்மை அடுத்த கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில் வாசலில் யாரோ இருமினார்கள். குற்றாலிங்கம் எழுந்து போனார்.

நெட்டையான ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதை நெருங்கியிருக்கலாம். நிற்கும்போதே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பெயர் கோயில்பிச்சை. ஊர் சாத்தான்குளம் பக்கம். மனைவி ஞானப்பூவுக்கு நாளைக் காலையில் வயிற்றில் ஆபரேஷன்.

"ரத்தம் வேணுங்காங்க. அவளுக்கும் எனக்கும் ஒரே வகை ரத்தம். காலைல குடுக்கப் போனேன். கண்ணு இருட்டிக்கிட்டு வந்திட்டு. கடைசியா எப்பச் சாப்பிட்டீருன்னு கேட்டாங்க. அவளைச் சேத்ததுல இருந்து டீத்தண்ணிதான்னு சொன்னேன். வெறும் வயித்துல எடுக்க மாட்டோம், வயிறாரச் சாப்பிட்டுட்டு நாலு மணிக்குள்ள வாரும்னு அனுப்பிட்டாங்க."

"வேற ஆளு யாரும் இல்லையா?"

"மவன் சூரத்துல இருக்கான். ரயில் ஏறிட்டான். அவன் வந்து சேர ஆபரேஷன் முடிஞ்சிரும்யா."

குற்றாலிங்கத்துக்கு மனம் இளகியது. கூடவே கொஞ்சம் உற்சாகமும் வந்தது. இதற்குத்தானே இவ்வளவு நடந்தோம்!

"நேரா சபாபதி மெஸ்ஸுக்குப் போங்க. கருப்பு உளுந்து போட்ட சோறு, எள்ளுத் தொவையல். உடம்புக்கு அதைவிடத் தெம்பு கிடையாது. காசும் கையைக் கடிக்காது."

கோயில்பிச்சை கும்பிட்டுவிட்டுப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். கையில் ஒரு பொட்டலம்.

"என்ன, அதுக்குள்ள சாப்பிட்டாச்சா?"

"இல்லய்யா. கட்டித் தந்துட்டாங்க."

"ஏன், உப்பு கூடிருச்சோ?"

"இல்லய்யா."

"தொவையல்ல காரமா?"

"ஒரு குத்தமும் இல்லய்யா. எல போட்டு, தண்ணி தெளிச்சு, எல்லாம் வச்சாங்க. நல்ல மனுசங்க. 'மெதுவாச் சாப்பிடுங்க'ன்னு சொல்லிட்டு அந்தாலப் போயிட்டாங்க. எனக்குத்தான் கை போக மாட்டேங்கு."

குற்றாலிங்கத்தின் முகம் சுண்டிப்போனது. சபாபதி மெஸ் உளுந்தஞ்சோற்றை ஒருவர் தொடாமல் எழுந்து வருவதா! ஆனாலும் மனிதர் நிற்கிற நிலையைப் பார்த்தால் கோபமும் வரவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

இந்தத் தடவை சொதிக் கடை. மத்தியானத்திலும் அங்கே இடியாப்பம் கிடைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, குற்றாலிங்கம் தன் கையாலேயே இடியாப்பத்தின் மேல் சொதியை ஊற்றினார்.

"இது தேங்காயோட ரெண்டாம் பால்ல காயை வேகவச்சு, கடைசியா முதப்பால் விட்டு எறக்குறது. முதப்பால் விட்டப்புறம் கொதிச்சிரப்பிடாது. கொதிச்சா திரிஞ்சிரும். இவன் கையில ஒருநாளும் திரியாது. இஞ்சிப் பச்சடியத் தொட்டுக்கிடுங்க."

கோயில்பிச்சை தலையை ஆட்டினார். ஒரு வாய் எடுத்து வைத்தார். வைத்தது கன்னத்திலேயே இருந்தது.

"எப்படி?"

கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"இஞ்சி உறைக்கோ?"

கோயில்பிச்சை வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தார்.

"மன்னிச்சிருங்கய்யா. நல்ல சாப்பாடு. பாவி, எனக்கு எறங்கல. அவளுக்குப் பச்சத்தண்ணிகூடக் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. நான் இங்க இருந்து தேங்காப்பாலும் இஞ்சியுமா..."

மடத்துக்குத் திரும்பும்போது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. கோயில்பிச்சை வாசற்படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, கால் மடங்கிவிட்டது என்று சொல்லலாம். குற்றாலிங்கம் உள்ளே ஓடினார்.

"அம்மா! ரெண்டு கடைக்கும் போயாச்சு. ரெண்டும் இந்த ஊர்லயே அடிச்சுக்க ஆள் இல்லாத கடை. ஒரு வாய் எறங்கல. நாலு மணிக்குள்ள சாப்பிட்டாத்தான் ரத்தம் எடுப்பாங்களாம். இனிமே எந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போக? எனக்கு ஒண்ணும் ஓடல."

உலகம்மை எழுந்து வெளியே வந்தார். வாசற்படியில் கோயில்பிச்சைக்குப் பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார். சபாபதி மெஸ்ஸைப் பற்றியோ சொதியைப் பற்றியோ எதுவும் கேட்கவில்லை.

"வீட்டுல யாரு சமையல்?"

"அவதாம்மா."

"நல்லாச் சமைப்பாங்களோ?"

கோயில்பிச்சையின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"அவளா? சுமாருதாம்மா. கொழம்புல புளி இருந்தா உப்பு இருக்காது."

"சாப்பிட எப்படிக் கூப்பிடுவாங்க?"

"கூப்பிடவா? நான் காட்டுல உழவு வேலையா நிப்பேன். கொல்லைப்பக்கம் வந்து நின்னு ஒரு கத்து கத்துவா பாருங்க. 'இந்தாரும், சோறு ஆறிக் கல்லாப் போச்சு! வந்து கொட்டிக்கிறீரா, நாய்க்கு வைக்கட்டுமா?' அடுத்த காட்டுக்காரன் சிரிப்பான். கெட்டின நாள்ல இருந்து இதே பாட்டுதாம்மா. ஒருநாள்கூட மெதுவாச் சொன்னதில்ல."

சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்தார்.

உலகம்மை உள்ளே போய்க் குடையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எந்திரிங்க. ஆவுடையக்கா கடைக்குப் போவோம்."

குற்றாலிங்கம் பதறிவிட்டார்.

"ஆவுடையக்கா கடையா! அம்மா, அது சாம்பாரே இல்ல. மஞ்சத்தண்ணி. சோறு ஒருநாள் கொழையும், ஒருநாள் வெறைக்கும். அதுகூடப் போகட்டும். அந்தப் பொம்பள வாய் இருக்கே! சாப்பிட வந்த ஆளை என்ன பேச்சுப் பேசுதா! நாம கண்ண மூடி உக்காந்திருக்கையில மதில் தாண்டி வந்து விழுமே, கேட்டிருப்பீங்களே!"

"கேட்டிருக்கேன்" என்றார் உலகம்மை. குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

ஆவுடையக்கா கடை ஒரு தகரக் கூரை, ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். அவள் ஒரு ஆட்டோக்காரரை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"கை கழுவினீராவே? அந்தக் கையால தட்டைத் தொட்டீரோ, கரண்டி பேசும்!"

ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே எழுந்து கை கழுவப் போனார். ஆவுடையக்காவின் பார்வை குற்றாலிங்கத்தின் மேல் விழுந்தது.

"வாரும் தவசுப்பிள்ளை! என்ன, மூக்கைச் சுளிச்சிக்கிட்டுப் போயி நாளாச்சேன்னு வந்தீரோ?"

குற்றாலிங்கம் உலகம்மையைப் பார்த்தார். உலகம்மை வெளியே வேப்பமரத்து நிழலில் நின்றுவிட்டார். அவர் ஆவுடையக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோயில்பிச்சையைப் பெஞ்சில் உட்காரும்படி கை காட்டினார். அவ்வளவுதான்.

தட்டு வந்தது. சோறு விழுந்தது. சாம்பார் அதைச் சுற்றி ஓடியது. கோயில்பிச்சை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குற்றாலிங்கம் அந்தச் சாம்பாரைப் பார்த்தார். சபாபதி மெஸ்ஸிலேயே போகாத கை இதிலா போகும்?

"என்னவே" என்றாள் ஆவுடையக்கா. "தட்டுல சினிமாவா ஓடுது?"

"பசி இல்லம்மா."

"பசி இல்லாமத்தான் மூஞ்சி கருவாடாக் காஞ்சு கெடக்கோ? ஆஸ்பத்திரில யாரு?"

"வீட்டுக்காரி."

"அவ எந்திரிச்சு வந்து உம்மைத் தூக்கிச் சுமக்கணுமாக்கும்! நல்ல ஆம்பளை! கொட்டும்வே உள்ள. சூடா இருக்கும்போதே என் சோறு தொண்டையில எறங்காது. ஆறிச்சுன்னா நாய்கூட மோந்து பாக்காது. எனக்கே தெரியும்!"

கோயில்பிச்சை தலையைத் தூக்கினார். அவளைப் பார்த்தார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கரண்டியை நீட்டியபடி நின்றாள்.

"பார்வை என்ன பார்வை? திங்கப் போறீரா, இல்ல நான் ஊட்டணுமா?"

அவர் கை சோற்றுக்குள் போனது.

ஒரு வாய். தொண்டை ஏறி இறங்கியதைக் குற்றாலிங்கம் கண்ணால் பார்த்தார். இன்னொரு வாய். அப்புறம் அவர் நிறுத்தவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கை தன்பாட்டுக்கு வாய்க்கும் தட்டுக்கும் போய்வந்தது.

"அழணும்னா தின்னுட்டு அழும்வே" என்றாள் ஆவுடையக்கா. "ஏற்கனவே என் சாம்பார்ல தண்ணி சாஸ்தின்னு ஊர்ல பேச்சு." சொல்லும்போது குற்றாலிங்கத்தைக் கண்ணால் ஒரு வெட்டு வெட்டினாள். "மறுசோறு கேக்க வாய் இல்லையா? வச்சுட்டேன், போம். அப்பளத்தை யாருக்கு மிச்சம் வைக்கீரு?"

கோயில்பிச்சை அழுதுகொண்டே சிரித்துவிட்டார். பருக்கை கீழே சிந்தியது. அதற்கும் ஒரு வசவு விழுந்தது.

"நீரு ஏன்வே நெட்டுக்குத்தலா நிக்கீரு?" ஆவுடையக்கா குற்றாலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "உக்காரும்."

அவர் முன்னாலும் ஒரு தட்டு விழுந்தது. தான் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. அந்த மஞ்சள் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார்.

நாலு மணி ஆவதற்குள் மூன்று பேரும் ரத்தம் எடுக்கிற இடத்துக்குப் போய்விட்டார்கள். கோயில்பிச்சை உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. குற்றாலிங்கமும் உலகம்மையும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் குற்றாலிங்கம் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

கடைசியில் கோயில்பிச்சை வந்தார். முழங்கையை மடக்கியிருந்தார். மடிப்பில் பஞ்சு. இன்னொரு கையில் அவர்கள் தந்த பிஸ்கட் பாக்கெட்.

"எடுத்துட்டாங்கம்மா."

"தலை சுத்துதா?"

"இல்லம்மா. கல்லு மாதிரி இருக்கேன். மேல போயி அவகிட்ட சொல்லணும். 'உனக்கு ஒருத்திக்குத்தான் அந்த வாயின்னு நெனைக்காத, இங்கயும் ஒருத்தி இருக்கா'ன்னு."

அவர் மாடிப்படி ஏறிப் போனார். கடைசிப் படிகளில் கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை.

குற்றாலிங்கம் அவர் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உலகம்மையிடம் மெல்லக் கேட்டார்.

"அம்மா, நீங்க மடத்துக் கஞ்சியத் தவிர வெளிய ஒரு வாய் சாப்பிட்டதில்ல. ஆவுடையக்கா கடைச் சாப்பாடு எப்படி இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இப்பவும் தெரியாது அண்ணாச்சி" என்றார் உலகம்மை. "ஞானப்பூ எப்படிக் கூப்பிடுவாங்கன்னு கேட்டேன். அவ்வளவுதான்."