மேற்கே வந்த விடை

வள்ளியூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் இயற்பியல் லேபைப் பெருக்கித் துடைக்கிறவள் ஜெபகனி. நாற்பது தாண்டியாயிற்று. பிளஸ் டூவில் எல்லாம் தேறி, இயற்பியலில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டவள். இந்தத் தடவை தேறினால் லேப் அசிஸ்டென்ட் ஆகலாம். அங்கே இயற்பியல் நடத்துகிற கதிர்வேல் சார்தான் சாயங்காலங்களில் சொல்லிக்கொடுத்தார். அவளுக்குத் தம்பி வயசு.

பரீட்சைக்கு முந்தின நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

“பரீட்சைக்குப் போகக் கூடாதுன்னு மூத்தார், எங்க வீட்டுக்காரரோட அண்ணன், ஒத்தைக் கால்ல நிக்காவ சார். மறுபடி தோத்தா குடும்பத்துக்கு அசிங்கமாம். வீடே அவிய பக்கம். நான் போகட்டா, வேண்டாமா?”

சார் சாக்பீஸை எடுத்தார். போர்டின் வலது ஓரத்தில் பெரிய வட்டம் போட்டு, அதற்குள் ஒரு மின்னூட்டத்தை எழுதினார். அதை நோக்கி ஓர் அம்பு. அம்பின் மேல் ஒரு புள்ளி.

“புள்ளியில மின்புலம் ஐந்நூறு, கிழக்கே. அங்க மைனஸ் இரண்டு மைக்ரோ கூலூம் மின்னூட்டம் வைக்கிறேன். அதுமேல விசை எவ்வளவு?”

ஜெபகனி சாக்பீஸை வாங்கி, வட்டத்துக்குள் இருந்ததை எடுத்து ஐந்நூறால் பெருக்கினாள். போன பரீட்சையிலும் இதே கூத்துதான்.

“அதை ஏன்க்கா எடுத்தீங்க?”

“புலத்தையே உண்டாக்கினது அதுதானே சார். அவ்வளவு பெரிசை எப்படி விட?”

சார் டஸ்டரை எடுத்தார். வட்டம் போயிற்று. அம்பும் புள்ளியும் அப்படியே இருந்தன.

“அது செய்யறதெல்லாம் அந்த ஐந்நூறுக்குள்ள வந்தாச்சு. இப்போ போடுங்க.”

அவள் வட்டம் இருந்த இடத்தை ஒரு தடவை பார்த்தாள். ஆனாலும் விடுவதாயில்லை. மைனஸ் இரண்டை ஐந்நூறால் பெருக்கினாள். மைனஸ் ஆயிரம் மைக்ரோ நியூட்டன்.

“அய்யய்யோ, மேற்கேல்லா வருது! அம்பு கிழக்கே நிக்கே சார்!”

அழிக்கப் போனவளை சார் கையமர்த்தினார்.

“புலம் மாறிச்சா?”

“இல்ல.”

“பிறகு திசையை மாத்தினது எது?”

ஜெபகனி போர்டையே பார்த்தாள். வீட்டில் எல்லாரும் மூத்தார் பக்கம் நின்றது நினைவுக்கு வந்தது.

“அந்த இடத்துல வச்ச மின்னூட்டம் சார்,” என்றாள். விடையின் கீழே சாக்பீஸ் உடைகிற மாதிரி அழுத்தி ஒரு கோடு இழுத்தாள்.

சார் லேபைப் பூட்டச் சாவியை எடுத்தார்.

“ஹால் டிக்கெட்டை இப்பவே பைக்குள்ள எடுத்து வச்சிருங்கக்கா.”