முப்பத்திரண்டு முக்கோணம்

தெற்குச் சீமை நாசரேத்தில் தையல் வகுப்பு நடத்தும் மேபலை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளிடம் படிக்க வந்த ஞானசௌந்தரிக்கு அவளைவிடப் பத்து வயது கூடுதல். வாயும் கொஞ்சம் கூடுதல்தான்.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் ஞானசௌந்தரி இரண்டு மீட்டர் கிறிஸ்துமஸ் துணியை மேஜையில் விரித்தாள். அம்மாடி, அது என்ன துணி! பனி மூடிய வீடுகள், மணிகள், கலைமான்கள், கிறிஸ்துமஸ் தாத்தா, அவர் பின்னால் ஓடும் நாய் என்று விரல் வைக்க இடமில்லை.

"மருமக லண்டன்ல இருந்து அனுப்பியிருக்கா மாஸ்டர். இதைத் துண்டு துண்டா வெட்டி ஒட்டுப்போர்வை தைக்கணும். எந்த டிசைன் போட்டா எடுப்பா இருக்கும்?"

"நீங்க எதை நெனச்சிருக்கீங்க?"

"நட்சத்திரம். ஒரு நட்சத்திரத்துக்கு முப்பத்திரண்டு முக்கோணம். பாக்கிறவங்க வாயைப் பொளக்கணும்."

மாஸ்டர் கத்தரிக்கோலை எடுத்தாள். பழைய காலண்டர் அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு முக்கோண ஓட்டை வெட்டினாள். அதைத் துணிமேல் வைத்தாள்.

"என்ன தெரியுது?"

"ஒரே செவப்பு."

அட்டையை நகர்த்தினாள். "இப்போ?"

"ஏதோ வால். இல்லயில்ல, தாத்தாவோட தாடி."

"இப்போ?"

"நாய். தலையைக் காணோம்."

இன்னொரு அட்டையில் ஒரு சாணுக்குச் சதுரமாக வெட்டி வைத்தாள்.

"இப்போ?"

"வீடு. வாசல்ல விளக்கு. தாத்தா, நாய் எல்லாம் முழுசா இருக்கு."

"அப்போ இந்த அளவுலயே வெட்டுங்க. இடையில இடையில வெள்ளைத் துணி வச்சு மூட்டுங்க. அவ்வளவுதான்."

ஞானசௌந்தரிக்கு முகம் சுண்டிவிட்டது. "வெறும் சதுரமா? இதை ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை தைக்குமே! என் வேலை எங்க தெரியும்?"

"யாருக்குத் தெரியணும்?"

"மருமகளுக்குத்தான். மூணு வருஷம் கழிச்சு இந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான் வாரா. பேரனை வீடியோவுல பாத்ததோட சரி. இன்னும் கையில தூக்கல மாஸ்டர்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மாஸ்டர் தண்ணீர் கொடுத்தாள். பிறகு கேட்டாள்.

"ஏன் வரல?"

"போன தடவை வீட்டுல அவதான் கிறிஸ்துமஸ் குடில் ஜோடிச்சா. கோணல்மாணலா இருந்துச்சு. அவ குளிக்கப் போன நேரம் நான் எல்லாத்தையும் பிரிச்சு அழகா ஜோடிச்சு வச்சேன். கீத பவனியில வீடு வீடா பாட வந்தவங்க அம்புட்டுப் பேரும் பாராட்டினாங்க. இவ மட்டும் பெட்டியைக் கட்டிட்டா. நல்லதுக்குக் காலமில்ல!"

"இந்தத் துணியோட ஏதாச்சும் எழுதியிருந்தாளா?"

"எழுதியிருந்தா. 'அத்தை, பாத்த உடனே பிடிச்சுப்போய் எடுத்தேன். நீங்களே தைச்சுக் கொடுங்க'ன்னு."

மாஸ்டர் தலையை ஆட்டினாள். ஞானசௌந்தரி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ வந்து போர்வையை விரிச்சதும், என் அத்தை எப்பேர்ப்பட்ட கைவேலைக்காரின்னு தெரியணும் மாஸ்டர். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

மாஸ்டர் எழுந்து அலமாரியைத் திறந்தாள். பூவும் கோடும் இல்லாத சிவப்புத் துணி ஒன்று, வெள்ளைத் துணி ஒன்று எடுத்து ஞானசௌந்தரியின் மடியில் வைத்தாள்.

"அதுக்கு இது போதும்க்கா. முப்பத்திரண்டு முக்கோணமும் பளிச்சுன்னு தெரியும். அந்தப் பிள்ளை ஆசைப்பட்டு எடுத்த துணியை வெட்டாம மடிச்சு அவ கையிலயே திருப்பிக் கொடுத்திருங்க."