வாழை சீப்புச் சீப்பாகக் காய்த்த கதை

வாழைக்குத் தார் போடத் தெரியாத அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் மரமும் ஒரே பேச்சுப் பேசின. வாழை அப்போது தன் பழங்களை மனம்போன இடத்திலெல்லாம் வைத்திருக்கும். அடிமரத்தில் இரண்டு, இலைக்காம்பின் இடுக்கில் ஒன்று, வேரோரம் மூன்று. பசித்தவர்கள் தேடித் தின்றுகொள்வார்கள்.

ஓர் ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. காட்டாறு இரண்டாகப் பிரிந்து ஒரு மேட்டைச் சூழ்ந்துகொண்டது. அங்கே மாட்டிக்கொண்டவை ஐந்து குடும்பங்கள்: கரடி, கருங்குரங்கு, அணில், மரநாய், முள்ளம்பன்றி. தின்பதற்கு இருந்ததோ ஒரே ஒரு பெரிய வாழை.

எல்லாருக்கும் சமமாகப் பிரிப்பது என்று முடிவாயிற்று. மொத்தம் எத்தனை பழம் என்று எண்ணிச் சொல்ல, குப்பாயி என்ற செம்போத்தைக் கூப்பிட்டார்கள். அவள் பூச்சியும் நத்தையும் தின்கிறவள், பழத்தைத் தொடமாட்டாள். அதனால் அவள்மேல் யாருக்கும் சந்தேகம் வராது என்று நினைத்தார்கள்.

குப்பாயிக்குப் பெருமை தாங்கவில்லை. வாலை விரித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள். ஐந்து வரை தடுமாற்றமே இல்லை. அதற்கு மேல் போனால் ஓர் இடி இடிக்கும், எண் மறந்துபோகும். இந்தப் பக்கம் எண்ணிய பழத்தையே அந்தப் பக்கம் போய் இன்னொரு முறை எண்ணிவிடுவாள். காலையில் ஒரு கணக்கு வந்தது, மத்தியானம் வேறொன்று வந்தது.

கரடி வீரணனுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொல்ற. குரங்கு மூக்காயி உன் சிநேகிதி. அவளுக்குன்னு மறைச்சு வைக்கிறியா?"

குப்பாயி விரித்த வாலை மடக்கிக்கொண்டாள். "அப்படி எல்லாம் இல்லண்ணே."

"என் குட்டிங்க பசியில அழுவுது. இப்பவே கணக்கைச் சொல்லு. இல்லைன்னா மரத்தைச் சாய்ச்சு, கைக்கு வந்ததை அள்ளிக்கிட்டுப் போறேன்." வீரணன் இரண்டு கையாலும் வாழையைக் கட்டிப் பிடித்தான். மரம் ஆடியது.

மரம் சாய்ந்தால் பாதிப் பழம் நசுங்கும், மீதி வெள்ளத்தோடு போகும். வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்லித் தப்பித்துவிடலாமா என்று குப்பாயிக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் பொய் வாயில் வரவில்லை.

"எனக்குத் தெரியலண்ணே," என்றாள். "அஞ்சுக்கு மேல போனா எனக்குக் குழம்புது."

தன் வாயால் சொன்னதைத் தன் காதால் கேட்டபோதுதான் அவளுக்கு ஒன்று பிடிபட்டது.

"கொஞ்சம் கையை எடுங்கண்ணே. அஞ்சைத் தாண்டாமலே எண்ணிப் பார்க்கிறேன். மூக்காயி, எல்லாப் பழத்தையும் பறிச்சு அந்தப் பாறைக்கு அடியில கொண்டு வா."

பாறை குடைபோல நீண்டிருந்ததால் அதன் கீழே மழை விழவில்லை. குடும்பத்துக்கு ஒன்றாகப் பழத்தைப் பக்கம் பக்கமாக வைக்கச் சொன்னாள் குப்பாயி. ஒன்றோடு ஒன்று கூட்டி, ஐந்தானதும் ஒரு வரிசை முடிந்தது. அதற்குக் கீழே அதே அளவில் இன்னொரு வரிசை. ஓரம் ஒத்து வருகிறதா என்று மட்டும் பார்த்தாள். ஐந்து வரிசை சேர்ந்ததும், பாய் விரித்ததுபோல் சதுரமாக வந்தது.

"இதுல எத்தனை?" என்றான் வீரணன்.

"வரிசையில அஞ்சு, வரிசையும் அஞ்சு. ஐயஞ்சு இருபத்தஞ்சு. ஒவ்வொண்ணா எண்ண வேண்டாம், ரெண்டு ஓரத்தைப் பார்த்தாப் போதும்."

வீரணன் தனக்கு நேராக மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தான். ஐந்து. மூக்காயிக்கு நேராகவும் பார்த்தான். அதே ஐந்துதான்.

பாயின்மேல் ஓர் இலையைப் போட்டு, அதன்மேல் அடுத்த பாயை அடுக்கினார்கள். ஐந்து பாய் ஏறியதும் வேலை முடிந்தது. முன்னால் நின்று பார்த்தாலும், பக்கத்தில் நின்று பார்த்தாலும், மேலேயிருந்து பார்த்தாலும் அஞ்சுக்கு அஞ்சு.

"பழத்தை அடுக்கினா வரிசை, வரிசையை அடுக்கினா பாய், பாயை அடுக்கினா பெட்டி," என்றாள் மூக்காயி. "பெட்டியை அடுக்கினா என்னடி?"

"அதுக்கும் ஒரு பேர் வைப்போம். அத்தனை பழத்துக்கு எங்கே போறது?" என்றாள் குப்பாயி. முள்ளம்பன்றி முள் குலுங்கச் சிரித்தது.

எதிலும் சேராமல் இரண்டு பழம் மிஞ்சின. எல்லாரும் வீரணனைப் பார்த்தார்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அணில் வீட்டுல பிள்ளைத்தாய்ச்சி இருக்கா. அவளுக்குக் குடுங்க," என்றான். பிறகு குப்பாயி பக்கம் திரும்பாமலே, "சந்தேகப்பட்டது தப்புதான்," என்று முணுமுணுத்தான்.

பொழுதுக்கு ஒரு பாயாகத் தின்றார்கள். பெட்டி தீருமுன் வெள்ளம் வடிந்துவிட்டது.

அவர்கள் கிளம்பும்போது வாழை கூப்பிட்டது.

"குப்பாயி, நான் கண்ட இடத்துல காய்ச்சதாலதான உனக்கு இந்தப் பாடு? இனிமே நானே அடுக்கிக் குடுத்துடறேன். உன்னளவுக்குச் சரியா வராது. மேல பெரிசாவும் கீழ சின்னதாவும் இருக்கும்."

"ஒரே காம்புலயா? தாங்குவியா?"

"என் சத்தெல்லாம் அதுக்கே சரியாப் போயிடும். ஒரு தடவைதான் முடியும்."

குப்பாயியின் முகம் வாடியதைப் பார்த்து வாழை சிரித்தது. "கீழ பாரு."

அடிமரத்தைச் சுற்றி, மழையில் முளைத்த கன்றுகள் இலைச்சுருளை நீட்டிக்கொண்டு நின்றன.

"நான் ஒருத்தி ஒரு தார் போடுவேன். இதுங்க ஒவ்வொண்ணும் ஒரு தார் போடும். ஒவ்வொண்ணைச் சுத்தியும் இன்னும் கன்று வரும். மூக்காயி கேட்டாளே, பெட்டியை அடுக்கினா என்னன்னு. தோப்புன்னு சொல்லு."

அன்று முதல்தான் பழம் சேர்ந்து சீப்பாகவும், சீப்புச் சேர்ந்து தாராகவும், தார் போட்ட தாயைச் சுற்றிக் கன்றுகளாகவும் வாழை வளர்கிறது. தார் வாங்க வருகிறவர்களும் ஒரு சீப்பின் பழங்களை மட்டும் எண்ணிவிட்டு, பிறகு சீப்புகளை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள்.