பாறையில் மூன்று எழுத்து

அந்தக் காலத்தில் ஒட்டகங்கள் வாய் ஓயாமல் பேசும். பாலைவனத்து மக்களும் நம்மைப் போலவே உயிரெழுத்து, மெய்யெழுத்து இரண்டையும் எழுதிவந்தார்கள். எழுதுவது என்றால் உளியால் பாறையில் செதுக்குவதுதான்.

ஒரு கோடையில் லுபைனா என்ற பெண்ணின் கூட்டம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வடக்கே போய்க்கொண்டிருந்தது. வழியில் ஒரு கரும்பாறையின் அடியில் மணலைத் தோண்டியபோது தண்ணீர் ஊறி வந்தது. நல்ல இனிப்புத் தண்ணீர். ஆட்களும் ஆடுகளும் வயிறு நிறையக் குடித்தார்கள். அப்போதுதான் மேற்கு வானம் சிவந்தது.

"மணல் புயல் வருகிறது, கிளம்பு," என்றது அவளுடைய ஒட்டகம்.

லுபைனா நகரவில்லை. அவள் தங்கை நாயிலாவின் கூட்டம் கைக்குழந்தைகளோடு பின்னால் வந்துகொண்டிருந்தது. புயல் இந்த ஊற்றை மூடிவிட்டால், தண்ணீருக்கு மேலேயே நின்றுகொண்டு அவர்கள் தாகத்தில் தவிக்க வேண்டியதுதான்.

உளியை எடுத்தாள். 'ஷராப்' என்று எழுத நினைத்தாள். அவர்கள் மொழியில் அதற்குக் குடிக்கும் நீர் என்று பொருள். பாறையோ உளிக்கு அசைந்து கொடுக்கவில்லை.

"முழுச் சொல்லுக்கும் நேரம் இல்லை. பாதியை எழுது," என்றது ஒட்டகம்.

"எந்தப் பாதியை?"

"உயிர் இல்லாமல் சொல் ஏது? உயிரெழுத்தை மட்டும் எழுது."

அவள் மணலில் விரலால் எழுதிப் பார்த்தாள்: அ, ஆ.

ஒட்டகம் உரக்க வாசித்தது. "அ... ஆ... யாரோ கொட்டாவி விடுகிற மாதிரி இருக்கிறதே!"

அந்த அவசரத்திலும் லுபைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியானால் மெய்யை நான் செதுக்குகிறேன். உயிரை என் தங்கை போட்டுக்கொள்ளட்டும்."

ஷ், ர், ப் என்று மூன்றே எழுத்தை ஆழமாக வெட்டினாள். கடைசி எழுத்து முடிவதற்கும் மணல் முகத்தில் அறைவதற்கும் சரியாக இருந்தது. ஒட்டகத்தின் மேல் தாவி ஏறினாள்.

புயல் ஓய்ந்த பிறகு நாயிலாவின் கூட்டம் வந்து சேர்ந்தது. தோல்பைகளில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நாயிலாவின் கணவன் ஜுந்துப், பெரிய மீசைக்காரன். பாறையில் இருந்த எழுத்தை அவன்தான் முதலில் வாசித்தான்.

"ஷாரிப்! மீசையாம்! நாக்கு வறண்டு கிடக்கிறோம், உன் அக்காவுக்கு என் மீசைதான் கேலியா?"

"உங்கள் மீசைக்காக அக்கா பாறையை வெட்டுவாளா? சும்மா இருங்கள்," என்ற நாயிலா, வெடித்த உதடுகளால் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "ஷரிப... குடித்தான். ஷுர்ப்... குடிப்பது. ஷராப்... குடிக்கும் நீர்." அவள் கண்கள் விரிந்தன. "உயிரை மாற்றி மாற்றிப் போட்டாலும் குடி, குடி என்றுதான் வருகிறது. தோண்டுங்கள்!"

எல்லோருக்கும் முன்னால் மண்டியிட்டுத் தோண்டியவன் ஜுந்துப்தான். தண்ணீர் பீறிட்டதும் முகத்தை முக்கி எடுத்தான். மீசை சொட்டச் சொட்ட, "நான் வாசித்ததும் தப்பில்லை, மீசையும் குடிக்கிறது!" என்றான். குழந்தைகள் கைதட்டிச் சிரித்தன.

வடக்கே மேய்ச்சல் நிலத்தில் சகோதரிகள் கட்டிக்கொண்டார்கள். "பாதிச் சொல்லை எழுதிவிட்டு ஓடிவிட்டாயே!" என்றாள் தங்கை.

"மீதி உன்னிடம் இருக்கும் என்று தெரியும்," என்றாள் அக்கா.

அரபியும் எபிரேயமும் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மெய்யை மட்டும் எழுதி, உயிரை வாசிக்கிறவர் வாய்க்கு விட்டுவிடுவது அன்று தொடங்கிய வழக்கம்தான்.